ஆடவர் வால்ட்: பழைய பதிவுகளையும் பதக்கப் பட்டியலையும் படிக்கும் முறை

ஓடிவந்து ஒரு கருவியில் கை ஊன்றித் தாண்டும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவான ஆடவர் வால்ட் போட்டியில் ஒரு தாவல் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், அதன் வரலாற்றை அறிய விரும்புபவர் பெரும்பாலும் வெற்றியாளர்களின் பெயர்களையும் மதிப்பெண்களையும் மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார். அந்த வழியில் அதிகம் புரியாது. எந்தக் கருவி, கைகள் எப்படி ஊன்றப்பட்டன, ஊன்றிய பிறகு உடல் என்ன செய்தது, மதிப்பெண் எந்த விதிப்படி வழங்கப்பட்டது என்ற வரிசையில் பார்த்தால், எந்த ஆண்டின் பதிவு கிடைத்தாலும் அதை அதற்குரிய இடத்தில் வைத்துவிடலாம்.

முதலில் கருவியைக் கவனிக்க வேண்டும். ‘குதிரை’ எனப்படும் நீண்ட, ஒடுங்கிய, தோல் போர்த்திய பழைய கருவியைத் திரையில் கண்டால் அது 2001-க்கு முற்பட்ட பதிவு என்று கொள்ளலாம். அகன்ற, முன்புறம் சரிந்த மேசையைக் கண்டால் அது கென்ட் நகரில் நடந்த 2001 உலகப் போட்டிக்கோ அதற்குப் பிந்தைய போட்டிக்கோ உரியது. குதிரையின் நீளம் ஏறக்குறைய 160 சென்டிமீட்டர், அகலமோ 35 சென்டிமீட்டர்தான். மகளிர் அதைக் குறுக்கே வைத்துத் தாண்டினர். ஆடவர் நெடுக்காக வைத்துத் தாண்டினர். முழு வேகத்தில் ஓடிவந்து, 135 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு சாண் ஒன்றரைச் சாண் அகலத்தில் இரண்டு கைகளையும் பிசகாமல் ஊன்றியாக வேண்டிய நிலை அது. மேசையின் உயரமும் ஆடவருக்கு 135 சென்டிமீட்டரே. ஆனால் அகலம் 95 சென்டிமீட்டராகிவிட்டதால் கை தவறும் அபாயம் வெகுவாகக் குறைந்தது. பழைய தாவல்கள் எளிமையாகத் தோன்றுகின்றன என்று சொல்பவர்கள் இந்த அகல வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

இரண்டாவதாக, உந்துபலகையிலிருந்து மேசைக்குச் செல்லும் அந்த நொடியை மெதுவான வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் தாவலின் குடும்பம் அங்கேயே தெரிந்துவிடும். வீரர் முகம் முன்னோக்கி இருக்க நேராகக் கைகளை ஊன்றினால் அது ஹேண்ட்ஸ்பிரிங் குடும்பம். உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஊன்றினால் அது ஜப்பானிய வீரர்கள் சுகஹாரா, கசமட்சு ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய குடும்பம். உந்துபலகைக்கு முன்பே தரையில் கை ஊன்றித் திரும்பி, முதுகு மேசையை நோக்கியிருக்கப் பாய்ந்தால் அது யூர்சென்கோ வகை. சோவியத் வீராங்கனை நடாலியா யூர்சென்கோ 1980-களில் புகழ்பெறச் செய்த இந்த நுழைவை ஆடவரும் எடுத்துக்கொண்டனர். ஜப்பானின் ஷிராய் கென்ஸோ அதில் மூன்றரைத் திருகுகள் (தலை முதல் கால் வரையிலான அச்சில் உடல் சுழல்வது) வரை சேர்த்தார்.

மூன்றாவது படிதான் மிகச் சுவையானது. கைகள் கருவியை விட்ட பிறகு காற்றில் நடப்பவற்றைக் காலவரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற யமஷிடா ஹருஹிரோவின் தாவலை எடுத்துக்கொள்வோம்: ஹேண்ட்ஸ்பிரிங்கில் கைகள் குதிரையை விட்டதும் அவர் இடுப்பை மடித்து, கால்களை உடலை நோக்கிக் கொண்டுவந்து, தரையைத் தொடுமுன் மீண்டும் நிமிர்ந்துவிடுவார். அங்கே குட்டிக்கரணம் எதுவும் இல்லை. ஆறே ஆண்டுகளில், 1970-இல் லூப்லியானா உலகப் போட்டியில், சுகஹாரா மிட்சுவோ பக்கவாட்டில் திரும்பிக் கை ஊன்றி, அங்கிருந்து பின்புறமாக ஒன்றரைச் சுழற்சி சுழன்று இறங்கித் தங்கம் வென்றார். இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, குதிரையைத் தாண்டுவது என்பது குதிரையை மிதித்துப் பறப்பது என்று மாறிய தருணம் தெளிவாகப் புலப்படும். அதன் பிறகு வளர்ச்சி இரு திசைகளில் சென்றது. கியூபாவின் ரோச்சே ஹேண்ட்ஸ்பிரிங்கிலிருந்து இரட்டை முன் கரணம் போட்டார். ருமேனியாவின் மரியான் டிரகுலெஸ்கு அதில் அரைத் திருகு சேர்த்தார். போலந்தின் லெஷெக் பிளானிக் அந்த இரட்டை முன் கரணத்தை இடுப்பு மடித்த நிலையில் செய்தார். மறுபுறம், தென்கொரியாவின் யாங் ஹாக்-சியோன் ஒரே கரணத்தை நேரான உடலுடன், மூன்று முழுத் திருகுகளோடு செய்து 2012 லண்டனில் தங்கம் வென்றார்.

மதிப்பெண்களை வெவ்வேறு ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். 2006-இல் பத்துக்குப் பத்து என்ற உச்சவரம்பு நீங்கி, கடினத்தன்மைக்கு ஒரு மதிப்பெண்ணும் செயல்திறனுக்கு ஒரு மதிப்பெண்ணும் தனித்தனியே வழங்கும் முறை வந்தது. லண்டனில் யாங்கின் தாவலுக்குக் கடினத்தன்மை மட்டுமே 7.4, பின்வந்த விதிநூல்கள் அந்த மதிப்புகளைக் குறைத்துவிட்டன. அதனால் 2012-இல் யாங் பெற்ற 16.533-ஐயும், 2024 பாரிஸில் பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ தங்கம் வென்ற 15.116-ஐயும் வைத்து யார் சிறந்தவர் என்று வாதிடுவது வீண் வேலை. இறுதிச் சுற்றின் மதிப்பெண் இரண்டு தாவல்களின் சராசரி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2004 ஏதென்ஸில் டிரகுலெஸ்கு முதல் தாவலில் 9.900 பெற்றும், இரண்டாவதில் தரையிறங்கத் தவறியதால் வெண்கலத்தோடு திரும்பினார். தங்கம் ஸ்பெயினின் ஹெர்வாசியோ டெஃபெருக்குச் சென்றது.

ஒலிம்பிக் பதக்கப் பட்டியலின் தொடக்கப் பக்கங்களை அதிக நேரம் ஆராயத் தேவையில்லை, ஏனெனில் அன்றைய போட்டி இன்றையதைப் போன்றது அல்ல. 1896 ஏதென்ஸில் வென்ற ஜெர்மனியின் கார்ல் ஷூமான் அதே விளையாட்டுகளில் மல்யுத்தத்திலும் வென்றவர். 1904 செயின்ட் லூயிஸில் அன்டன் ஹைடாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட ஜார்ஜ் ஐசர் மரக்காலுடன் போட்டியிட்டவர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நகரலாம்.

பட்டியலில் சமநிலைகளைப் படிப்பதிலும் கவனம் தேவை. 1956-இல் ஹெல்முட் பான்ட்ஸ், வாலெண்டின் முராடோவ் ஆகிய இருவரும், 1960-இல் ஓனோ டகாஷி, போரிஸ் ஷக்லின் ஆகிய இருவரும் தங்கம் பெற்றனர். 2008 பெய்ஜிங்கிலோ பிளானிக்கும் பிரான்ஸின் தோமா பூயேலும் ஒரே 16.537 பெற்றிருந்தும், சமநிலையைத் தீர்க்கும் விதியால் தங்கம் பிளானிக்குக்கு மட்டும் கிடைத்தது. 2021-இல் நடந்த டோக்கியோ விளையாட்டுகளில் ஷின் ஜே-ஹ்வானும் டெனிஸ் அப்லியாசினும் 14.783-இல் சமமாக நின்றபோதும் அவ்வாறே ஷின் தங்கமும் அப்லியாசின் வெள்ளியும் பெற்றனர். எனவே பட்டியலில் வெள்ளி என்று அச்சிடப்பட்டிருந்தால், அருகிலுள்ள மதிப்பெண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டே அந்த வீரரை இரண்டாமவர் என்று எழுத வேண்டும்.