தில்லி நூலகத்தில் ஹிஸ்பானிய மரபுத் திங்கள்: நடத்துவோருக்குச் சில குறிப்புகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொது நூலகங்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை, ஸ்பானிய மொழியோடு தொடர்புடைய மக்களின் மரபைப் போற்றும் ஹிஸ்பானிய மரபுத் திங்களைக் கொண்டாடுகின்றன. 1968இல் ஒரு வார நிகழ்வாகத் தொடங்கி 1988இல் ஒரு மாதமாக விரிந்த இக்கொண்டாட்டம், மாதத்தின் நடுவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குவாதமாலா, எல் சால்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஆகிய ஐந்து நாடுகளும் 1821 செப்டம்பர் 15ஐத் தம் விடுதலை நாளாகக் கொள்கின்றன. மெக்சிகோவின் விடுதலை நாள் 16ஆம் தேதி, சிலியின் தேசிய நாள் 18ஆம் தேதி.

இதைத் தில்லியில் ஏன் நடத்தவேண்டும் என்று உங்கள் நூலகக் குழுவில் யாரேனும் கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு அருகே 1951இல் யுனெஸ்கோவின் முன்னோடித் திட்டமாகத் திறக்கப்பட்ட தில்லிப் பொது நூலகத்துக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே திட்டத்தின்கீழ் 1954இல் திறக்கப்பட்ட அந்த நூலகம், ஸ்பானிய மொழி பேசும் கொலம்பியாவின் மெதெயீன் நகரில் இருக்கிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஹிஸ்பானிய என்பது ஸ்பானிய மொழியோடு தொடர்புடையது. லத்தீன் அமெரிக்க என்பது நிலத்தைக் குறிப்பது. ஆகவே ஸ்பெயின் முதல் சொல்லுக்குள் வரும், இரண்டாவதற்குள் வராது. போர்த்துகீசியம் பேசும் பிரேசில் இரண்டாவதற்குள் வரும், முதலாவதற்குள் வராது. நாங்கள் முதன்முறை நடத்தியபோது வாசலில் பிரேசில் கொடியைத்தான் பெரிதாக மாட்டியிருந்தோம். உள்ளே சுவரெங்கும் மெக்சிகோவின் அகன்ற வைக்கோல் தொப்பிகள். பார்க்கவந்த பெரு நாட்டு மாணவி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊர் எந்தச் சுவரில் இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தமிழர் விழா என்று சொல்லி ஓர் இட்லிப் படத்தை மட்டும் மாட்டினால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவர் கேள்வியின் நியாயம் விளங்கும். அதன்பிறகு தொப்பி வாங்குவதை விட்டுவிட்டு அலமாரியிலிருந்து தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி முறையில் அடுக்கப்பட்ட நூலகமாக இருந்தால், ஒரு பிற்பகலுக்குள் நூல்களைத் திரட்டிவிடலாம். 460இல் ஸ்பானிய மொழி நூல்கள், 641.5இல் சமையல், 860இல் ஸ்பானிய இலக்கியம், 972இல் மெக்சிகோ மற்றும் மத்திய அமெரிக்க வரலாறு, 980இல் தென்னமெரிக்க வரலாறு இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்புகளை மறந்துவிடக் கூடாது. லத்தீன் அமெரிக்கக் கதைகளும் கவிதைகளும் சிற்றிதழ்கள் வழியே தமிழுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த நூல்களைப் பல நூலகங்களில் தமிழ்ப் புனைகதை அலமாரியில் ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் செருகிவிடுவதால், எந்த நாட்டுக் கதை என்பது வாசகருக்குத் தெரிவதேயில்லை. ஒவ்வொரு நூலிலும் ஒரு காகித நாடாவை வைத்து, நாடு, மூலமொழி, மொழிபெயர்த்தவர் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம், ஸ்பானியம் என்று மொழிவாரியாகப் பிரிக்காமல் நாடுவாரியாகக் கலந்து அடுக்குவதே நல்லது. இந்தி நூலைத் தேடி வந்தவர் பக்கத்திலிருக்கும் தமிழ் நூலையும் புரட்டிப் பார்ப்பார். இரவல் தரக்கூடாத நூல்களைக் காட்சிக்கு வைக்காதீர்கள். எடுத்துச் செல்ல முடியாத புத்தகத்தைக் காட்டி ஆசைகாட்டுவது நூலகத்துக்கு அழகல்ல.

ஒரு காட்சிப்பலகை போதும். அதில் தில்லியோடு நேரடித் தொடர்புள்ள செய்தி இருக்கட்டும். பின்னாளில் 1990இல் நோபல் பரிசு பெற்ற மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1962 முதல் 1968 வரை இந்தியாவுக்கான தம் நாட்டுத் தூதராக இந்நகரில் வாழ்ந்தவர். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அது நம் காந்தி ஜெயந்தி நாளும்கூட என்பதைப் பலகையில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேதியைப் பார்ப்பவரே சொல்லிக்கொள்வார்.

அக்டோபர் 12ஐப் பற்றியும் ஒரு சொல். 1492இல் கொலம்பஸ் கரையேறிய அந்நாளை ஸ்பெயின் தேசிய நாளாகக் கொண்டாடுகிறது. வெனிசுவேலாவோ 2002 முதல் பூர்வகுடிகளின் எதிர்ப்பு நாளாக அதைக் கடைப்பிடிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பதே நேர்மை. நாவாத்ல், கெச்சுவா, குவாரானி ஆகிய பூர்வகுடி மொழிகளின் பெயர்களும் பலகையில் இடம்பெற வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இன்னொரு மொழியும் பேசி வளரும் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, பராகுவேயில் ஸ்பானியத்தோடு குவாரானியும் ஆட்சிமொழி என்ற செய்தி எளிதில் பிடிபடும்.

குழந்தைகளுக்கான சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நான் பரிந்துரைப்பது லோத்தெரியா என்னும் மெக்சிகோ விளையாட்டு. நம்மூர் தம்போலாவைப் போன்றதுதான். எண்களுக்குப் பதில் படங்கள். மொத்தம் 54 சீட்டுகள். ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் நான்குக்கு நான்காகப் பதினாறு படங்கள். சீட்டை எடுப்பவர் படத்தின் பெயரைச் சொல்வதோடு, விடுகதை போன்ற ஓர் அடியையும் கூவுவார், வரிசையை முதலில் நிரப்பியவர் "லோத்தெரியா!" என்று கத்த வேண்டும். பழைய சீட்டுக்கட்டில் குடிகாரன் படமும் உண்டு என்பதால், கடையில் வாங்காமல் பிள்ளைகளையே வரையச் சொல்வது நல்லது: சூரியன், நிலா, சேவல், மிளகாய், சப்பாத்திக்கள்ளி. நம் கரிசல் காட்டு வேலிகளில் நிற்கும் அந்தக் கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது; மெக்சிகோ கொடியில் கழுகு அமர்ந்திருப்பதும் அந்த இனத்துக் கள்ளியின்மேல்தான். படத்தின்கீழ் தமிழ்ப் பெயரையும் ஸ்பானியப் பெயரையும் எழுதுங்கள். கூவுபவர் விடுகதையைத் தமிழில் சொல்லட்டும். மிளகாய்க்கு நாங்கள் கட்டியது இது: "பச்சைச் சட்டையில் பிறந்தான், சிவப்புச் சட்டையில் முதிர்ந்தான், தொட்டவரை விட்டான், கடித்தவரை அழவிட்டான்." அட்டையில் குறிவைக்க மெக்சிகோவில் அவரை விதைகளைப் பயன்படுத்துவார்கள், இங்கே ஒரு பிடி ராஜ்மா போதும். தில்லி தன்னுடையதே என்று நம்பும் ராஜ்மாவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான் என்று சொல்லிவிட்டுத் தில்லிப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

உச்சரிப்புக்கு அஞ்ச வேண்டாம். ஸ்பானியத்தின் 't' நம் 'த'வைப் போலப் பல்லில் பட்டு ஒலிக்கும். தலையில் அலையிட்ட 'n' எழுத்து நம் 'ஞ'. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ரகர றகர வேறுபாடுதான். தமிழில் நாம் எழுத்தில் மட்டும் வைத்துக்கொண்டு பேச்சில் நழுவவிட்ட றகரத்தை, ஒரு தமிழாசிரியை ஸ்பானிய வகுப்பின் சாக்கில் பிள்ளைகளின் நாவில் மீட்டுக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். ஆளில்லையென்றால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியம் பயிலும் மாணவர்களைக் கேளுங்கள். ஸ்பானிய மொழியைக் கற்பிக்கும் செர்வாந்தஸ் நிறுவனத்தின் தில்லிக் கிளையும் இருக்கிறது. வருபவரிடம் நடனம் ஆடச் சொல்லாதீர்கள். தம் ஊரில் தூங்கப்போகும் முன் கேட்ட ஒரு கதையை ஸ்பானியத்தில் சொல்லச் சொல்லி, பத்தி பத்தியாகத் தமிழிலோ இந்தியிலோ பெயர்த்துச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் அமர்த்துங்கள்.

அலங்காரத்துக்கு மெக்சிகோவின் வெட்டுக்காகிதத் தோரணம் மலிவானது, அழகானது. ஆகஸ்ட் 15 முடிந்ததும் பட்டக் கடைகளில் தாள் மீந்து கிடக்கும். பழைய தில்லியின் லால் குவான் தெருவில் கேட்டால் கட்டாகவே தருவார்கள். தாளை எட்டாக மடித்து, மடிப்போரங்களில் அரைவட்டமும் முக்கோணமும் வெட்டி விரித்து, மேல் ஓரத்தை நூலின்மேல் மடித்து ஒட்டினால் தோரணம் ஆயிற்று. பசையை மெல்லத் தடவுங்கள். இந்தத் தாள் ஈரம் தாங்காது. உணவை வராந்தாவோடு நிறுத்திவிடுங்கள்; சுட்ட மக்காச்சோளமும் எலுமிச்சையும் போதும்.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியை இருமுறை பாருங்கள். மகாளயம், நவராத்திரி, ராம்லீலா எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். தசராவையொட்டிய சனிக்கிழமையில் கூட்டத்தை எதிர்பார்ப்பது வீண். செப்டம்பரின் மூன்றாவது சனிக்கிழமை எங்களுக்கு ஒத்துவந்தது.

அக்டோபர் 16 அன்று காலையில் தோரணத்தை இறக்கிவிட்டு, இரவல் பதிவேட்டில் எந்த நாட்டு நூல்கள் வெளியே சென்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நூல் வாங்கும் பட்டியலை அதிலிருந்துதான் தயாரிக்க வேண்டும். நூல்களைப் பழைய இடங்களுக்கே திருப்பி அடுக்குங்கள், ஆனால் காகித நாடாக்களை எடுத்துவிடாதீர்கள். ராஜ்மாவை மூடியுள்ள டப்பாவில் போட்டு, சீட்டுகளோடு குழந்தைகள் பகுதியில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமையே யாராவது கேட்டு வருவார்கள்.