பழைய பாய்ப்படகில் தளத்துக்குக் கீழே ஆட்டோபைலட் பொருத்துவது எப்படி?

ஆயர் தாவாரில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் செம்பனைதான், கடல் தெரியாது. ஆனால் கடலோர ஊரான லுமுட் அரை மணி நேரத் தூரம். அங்கே கரையேற்றி வைத்திருக்கும் பழைய படகுக்கு, திசை மாறாமல் தானாகச் சுக்கானைப் பிடிக்கும் ஆட்டோபைலட் போட, இப்படி ஒரு தோட்டப்புற ஊரில் இருப்பது வசதி என்றே சொல்வேன். இந்த வேலையில் மின்னணுப் பகுதி பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் இரும்பு, போல்ட், கடைசல் வேலை. செம்பனை ஆலைகளுக்கு உதிரிப்பாகம் கடையும் பட்டறைகள் நம் ஊர்ப் பக்கம்தானே இருக்கின்றன.

ஸ்டீயரிங் சக்கரத்தில் மாட்டும் பெல்ட் வகை ஆட்டோபைலட் விலை குறைவு, பொருத்துவதும் எளிது. ஆனால் பின்னாலிருந்து அலை தள்ளும்போது கனமான படகை அது திசை மாறாமல் பிடித்து வைக்காது. தளத்துக்குக் கீழே பொருத்தும் வகையில் ரேம் என்ற நீளும் தண்டு சுக்கானின் அச்சையே நேராகத் தள்ளி இழுக்கிறது. அதோடு கட்டுப்பாட்டுப் பெட்டி, காம்பஸ், சுக்கான் கோணத்தைச் சொல்லும் சென்சார், மேலே பொத்தான் பலகை. அவ்வளவுதான் முழு செட்டும்.

ரேம் வாங்கும்போது படகின் காகிதத்தில் உள்ள எடையை நம்பாதீர்கள். தண்ணீர், டீசல், நங்கூரச் சங்கிலி, சாமான் எல்லாம் சேர்த்து 20 விழுக்காடு கூட்டிக்கொண்டு, அதைத் தாங்கும் அளவை எடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் பெரியதே சரி.

வாங்கும் முன்பே பழைய ஸ்டீயரிங்கைப் பார்த்துவிட வேண்டும். சுக்கானைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பேரிங்கில் லூஸ் இருந்தால் முதலில் அதற்குத்தான் வேலை. இல்லாவிட்டால் ஆட்டோபைலட் அந்த இடைவெளியைத் துரத்திக்கொண்டே பேட்டரியைக் குடித்துவிடும். சுக்கான் இரண்டு பக்கமும் போய் முட்டும் தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து அளவு. இதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். சுக்கான் அச்சிலிருந்து கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு உலோகத் தண்டைத்தான் ரேம் தள்ளும். அந்தக் கை 250 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சுக்கான் ஒரு பக்கம் 35 பாகை திரும்ப, ரேமின் முனை சுமார் 143 மில்லிமீட்டர் நகரும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 287. ரேமின் ஓட்டம், அதாவது அது நீண்டு சுருங்கும் தூரம், 300 என்றால் சரியாகப் பொருந்தும், ஆனால் மிச்சம் கொஞ்சம்தான். ரேம் தன் முனையில் முட்டுவதற்கு முன்பே சுக்கான் தடுப்பில் முட்டியாக வேண்டும். சுக்கான் நடுவில் இருக்கும்போது ரேமும் கையும் செங்கோணத்தில் நிற்க வேண்டும், இரண்டும் ஒரே மட்டத்திலும் இருக்க வேண்டும். ஒரு பிவிசி குழாயை ரேமின் நீளத்துக்கு வெட்டி, உள்ளே வைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் குழாயோ ஸ்டீயரிங் கேபிளோ எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்தக் கையைக் கேபிள் ஓடும் பழைய குவாட்ரண்டில் (அச்சில் இருக்கும் கால்வட்டச் சக்கரம்) மாட்டாமல் தனியாகச் செய்வது நல்லது. நாளைக்குக் கேபிள் அறுந்தாலும் ஆட்டோபைலட் சுக்கானைத் திருப்பும். அச்சின் விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். பழைய அச்சு முழு வட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மில்லிமீட்டரில் படம் வரைந்து பட்டறைக்குக் கொண்டு போங்கள். இரண்டாகப் பிளந்து, போல்ட் போட்டு இறுக்கும் அமைப்பு என்று சொன்னால் பட்டறைத் தவுக்கேவுக்கு, அதாவது முதலாளிக்கு, புரியும். ஆலைத் தண்டுகளுக்கு அவர்கள் தினமும் செய்கிற வேலைதான். அச்சு உள்ளே குழாயாக இருந்தால் அதில் துளையோ சாவிப் பள்ளமோ போட விடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் அச்சில் அலுமினியக் கை என்றால் நடுவில் அரிப்பைத் தடுக்கும் பசை தடவ வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் பட்டு அலுமினியம் அரித்துப்போகும்.

ரேமின் அடுத்த முனை படகின் உடம்போடு சேர வேண்டும். சின்ன ரேம்கூட நூற்றுக்கணக்கான கிலோ விசையில் மாறி மாறித் தள்ளி இழுக்கும். மெல்லிய பலகைத் தடுப்பில் திருகாணி போட்டால் ஒரே இரவில் பிய்ந்துவிடும். கடல் வேலைக்கான கனமான ஒட்டுப்பலகையில் ஒரு தாங்கி செய்து, உள்ளிருக்கும் பெயின்டை ஃபைபர் தெரியும்வரை தேய்த்து எடுத்து, எப்பாக்சியும் கண்ணாடியிழைத் துணியும் போட்டு ஒட்டுங்கள். பழைய ஃபைபரில் பாலியெஸ்டர் ரெசினைவிட எப்பாக்சிதான் நன்றாகப் பிடிக்கும். நம் வெயிலில் எப்பாக்சி சீக்கிரம் சூடேறி இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகே அடுத்த பூச்சு. முகமூடி, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். போல்ட்டுகளுக்குப் பின்னால் தகடு வையுங்கள், தானாகக் கழலாத நட் போடுங்கள்.

மின்கம்பியில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து பெட்டி 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 15 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 0.44 வோல்ட் குறையும், 10 சதுர மில்லிமீட்டரில் 0.26. 12 வோல்ட்டுக்கு 3 விழுக்காடு, அதாவது 0.36 வரைதான் ஒத்துக்கொள்ளலாம். ஆக 10. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருக்கட்டும், தனி பிரேக்கரும் வேண்டும்.

காம்பஸைப் படகின் நடுப்பக்கம், தாழ்வாக, எஞ்சினும் ஸ்பீக்கரும் தடித்த மின்கம்பியும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்குமாறு வையுங்கள். பக்கத்து அலமாரியில் மைலோ டின்னையும் சார்டின் டின்னையும் அடுக்கினால் படகு வேறு திசைக்குப் போகும். சமையல் பொருளை யார் எங்கே வைப்பார்கள் என்று வீட்டில் முதலிலேயே பேசி வைப்பது நல்லது!

படகைத் துறையில் கட்டிய நிலையில் முதல் சோதனை: வலப்பக்கம் 10 பாகை என்று அழுத்தினால் சுக்கான் வலப்பக்கம் திரும்புகிறதா? எதிர்ப்பக்கம் போனால் கையேட்டில் சொன்னபடி மோட்டாரின் இரண்டு கம்பியையோ அமைப்பையோ மாற்றுங்கள். ஆட்டோபைலட்டை விடுவிக்கும் ஸ்டாண்ட்பை பொத்தானை அழுத்தினால் கிளட்ச் விட்டு, சக்கரம் கையில் சுலபமாகச் சுற்ற வேண்டும். மென்பொருளில் சுக்கான் எல்லையைத் தடுப்புக்கு 5 பாகை முன்பே வையுங்கள்.

அப்புறம் கடல். லுமுட்டுக்கும் பங்கோர் தீவுக்கும் இடையே ஃபெரி ஓடும், அதைத் தாண்டி விலகிப் போய், காற்றில்லாத காலையில் கையேடு சொல்லும் வேகத்தில் மெதுவாக வட்டமடியுங்கள். காம்பஸ் தன்னைச் சுற்றியுள்ள இரும்பைக் கணக்கெடுப்பது அப்போதுதான். பிறகு நேராக ஓட்டி ஜிபிஎஸ் திசையோடு ஒப்பிடுங்கள். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறியது என்பதால் இது சுலபம். ஆனால் நீரோட்டம் ஜிபிஎஸ் திசையைச் சாய்க்கும், அதனால் அதே கோட்டில் திரும்பியும் ஒருமுறை ஓடிப் பாருங்கள்.

பாய் ஏற்றிய பிறகு சுக்கான் எப்போதும் ஒரு பக்கமே இழுத்துக்கொண்டிருந்தால் ஆட்டோபைலட்டின் உணர்திறனை ஏற்றாதீர்கள், பாயைக் குறையுங்கள். மின்சாரம் மிச்சமாகும். மலாக்கா நீரிணையில் இரவு வலைகளும் விளக்கில்லாத சம்பான் என்ற சிறு படகுகளும் ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது, காவலுக்கு ஆள் வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கையின் போல்ட்டையும் தாங்கியின் போல்ட்டையும் மறுபடி இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.