பழைய ஓட்டு வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி: பெற்றோர் கூடி நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் திருவிதாங்கூர் காலத்து ஓட்டு வீடுகள் இன்னும் பல பூட்டிக் கிடக்கின்றன. நடுவில் முற்றம், சுற்றித் திண்ணை, தலைக்கு மேல் மர மச்சு. உள்ளே போய் ஐந்து நிமிடம் நின்றாலே இங்கே பிள்ளைகள் ஓடி விளையாடினால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது ஐந்தாவது வருடமாக அப்படி ஒரு வீட்டில் 18 பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளி நடத்துகிறோம். ஒரு டீச்சர், ஒரு ஆயா, மீதி வேலை முழுக்க அப்பா அம்மாக்கள். எங்களைப் போல ஆரம்பிக்க நினைக்கும் சிலர் வந்து விசாரிக்கிறார்கள். நாங்கள் செய்த தவறுகளும், மற்ற குழுக்களில் பார்த்ததும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, பதினோரு மாத ஒப்பந்தத்தில் உட்கார்ந்துகொண்டு லட்சக்கணக்கில் ரிப்பேர் பார்ப்பது. வாடகைக்கு எல்லோரும் பதினோரு மாதம்தான் எழுதுவார்கள், ஏனென்றால் ஒரு வருடத்துக்கு மேல் போனால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவும் அலைச்சலும் யாருக்கும் வேண்டாம். ஆனால் ஓடு மாற்றி, கழிப்பறை கட்டி, வயரிங் மாற்றிய பிறகு வீட்டுக்காரர் மகன் வந்து "விற்கப் போகிறோம்" என்றால் என்ன செய்வீர்கள்? ஐந்து வருடத்துக்குக் குறையாமல் குத்தகை எழுதிப் பதிவு செய்யுங்கள். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுகிறவருக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தப் பக்கத்துத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1096 என்று கண்டு யாரும் பயப்பட வேண்டாம், அது 1920-21. ஆனால் அதில் உள்ள பங்குக் கணக்கை மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரி வரியாகப் படியுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டி சம்மதித்திருப்பார், அவர் தம்பியின் பிள்ளைகள் நாலு பேர் எங்கோ வளைகுடாவில் இருப்பார்கள், அவர்களுக்கும் பங்கு இருக்கும். எல்லோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

அடுத்தது பெயர். "கூட்டுறவு மழலையர் பள்ளி" என்று அழகாகப் போர்டு எழுதி மாட்டிவிடாதீர்கள். கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யாதவர்கள் அந்தச் சொல்லைப் பெயரில் வைக்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு வெவ்வேறு குடும்பங்களிலிருந்து 25 பேராவது வேண்டும், சின்னக் குழுவுக்கு அது தாங்காது. 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் போதும், பெரும்பாலும் அதுவே நமக்குச் சரி. எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் தொடங்குகிறவர்களுக்குச் சட்டம் வேறு, அங்கே 1955-ஆம் வருடத் திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டம். இங்குள்ள விதிமுறை நகலை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பி வரும். அப்புறம், தமிழ்நாட்டில் மழலையர் பள்ளிகளுக்கென்று 2015-இல் தனி விதித்தொகுப்பே வந்திருக்கிறது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்பார்கள். பழைய வீட்டுக்கு உறுதிச் சான்று வாங்க நாள் ஆகும், அட்மிஷன் போடுவதற்கு முன்பே பொறியாளரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இனி கட்டடம். இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது, நல்ல மனதோடு செய்கிற தவறுகள்.

சுவர் பொரிந்து உதிர்கிறதே என்று சிமென்ட் பூசிவிடுவார்கள். இந்த வீடுகளின் சுவர் வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழையில் ஈரம் ஏறும், வெயிலில் அது சுவர் வழியாகவே வெளியே போய்விடும். மேலே சிமென்ட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, சுவர் காயவே நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் முந்தைய வாடகைக்காரர் பூசிய ஒரு சுவர் இரண்டாவது மழைக்கே கொப்பளம் விட்டது. சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு, பின்பக்கம் கை வைத்தால் சில்லென்று ஈரம். அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகளுக்குப் பாய் விரித்திருந்தோம். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுக் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புச் சாந்துதான் மறுபடி பூசினோம். தெரிந்த கொத்தனார் கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தோம், பரவாயில்லை. வேலை ஆரம்பிக்கும் முன் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய் வாருங்கள். நம் மாவட்டத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. மரமும் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து எப்படிக் கட்டியிருக்கிறார்கள், எங்கெங்கே காற்றுப் போக இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் கொத்தனாரிடம் பேசுவது எளிது.

வயரிங்கில் பழையதைத் தொட்டுத் தொட்டு ஒட்டுப் போடாதீர்கள். மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரை முழுசாக எடுத்துவிட்டு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

பழைய பெயின்ட் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ஜன்னல் கம்பியிலும் கதவிலும் ஐம்பது அறுபது வருடப் பச்சை பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். அதில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்ததே 2016-இல்தான். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எல்லோரும் கூடி உற்சாகமாக உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள், பிள்ளைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும், அந்தத் தூசி தரையில் படிந்து பிள்ளைகள் கை வழியாக வாய்க்குப் போகும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற விஷம் அது, இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. பெயின்ட் உதிராமல் இருந்தால் தேய்க்காமல் மேலே புதிதாக ஒரு கோட் அடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளித்து நனைத்தபடி சுரண்டுங்கள், கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முகமூடி போட்டு, பிள்ளைகள் இல்லாத நாளில். தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். பிள்ளைகள் நின்றுகொண்டு கடிக்கிற உயரத்தில் இருக்கும் கம்பிகளை முதலில் கவனியுங்கள்.

முற்றத்தில் சமையலுக்கு ஓலைக் கொட்டகை போடலாம், குளுகுளுவென்று இருக்கும் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். வேண்டாம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் சமையல் இடத்துத் தீ கூரைக்குப் பரவித்தான் 94 பிள்ளைகளை நாம் இழந்தோம். அடுப்பு தனியே, ஓலை இல்லாத இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது வாசல் எப்போதும் பூட்டில்லாமல் இருக்கட்டும். பழைய வீடுகளில் பின்கதவுத் தாழ்ப்பாள் பெரியவர்களுக்கே கஷ்டம், அதை மாற்றிவிடுங்கள். கிணற்றுக்கு இரும்பு வலை, அதற்குப் பூட்டு.

அதற்காக எல்லாவற்றையும் இடித்துச் சமமாக்கவும் வேண்டாம். நடு அறை நிலைப்படி முக்கால் அடி உயரம், பிள்ளைகள் தடுக்கி விழும் என்று வெட்டிவிடச் சொன்னோம். வீட்டுக்காரப் பாட்டி, "மக்களே, அந்தப் படியை மட்டும் விட்டுருங்க, நிலை ஆடிரும்" என்றார். ஆசாரியும் அதையே சொன்னார். இரண்டு பக்கமும் சின்ன மரப்படி வைத்தோம். இப்போது மூன்று வயதுப் பிள்ளைகள் அதில் குதிரை மாதிரி உட்கார்ந்து, ஒரு கால் இந்த அறையில், ஒரு கால் அந்த அறையில் போட்டுக்கொண்டுதான் கதையே கேட்கிறார்கள்.

ஆனால் எங்களுடைய பெரிய தவறு கட்டடத்தில் இல்லை, நேரத்தில். முதல் இரண்டு வருடம் பெற்றோர் கூட்டம் என்றால் ஓடு, கரையான், வவ்வால், பட்ஜெட். டீச்சர் ஒரு நாள் கேட்டார், "பிள்ளைகளைப் பற்றி எப்போது பேசுவோம்?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டின் மேல் இருந்த ஆசை பிள்ளைகளுக்கான நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அதன்பிறகு கட்டட வேலைக்குத் தனியாக நாலு பேர், தனியாக ஒரு பணப்பை. கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள், டீச்சர் பேசுவார். ஓடு பற்றிக் கடைசியில்தான் பேச்சு.

முறை வைத்து வேலைக்கு வருவதிலும் இதே மாதிரி. பெற்றோர் வந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. நியூசிலாந்தில் 1941-இல் இப்படிப் பெற்றோர் நடத்தும் பிளேசென்டர்கள் தொடங்கின. அங்கே பெற்றோருக்கென்றே பயிற்சி வகுப்பு உண்டு. நம்மிடம் அது இல்லை என்றாலும், முதல் மூன்று முறை பழைய பெற்றோர் ஒருவர் கூடவே இருக்கட்டும். முறைக்கு வரும் அப்பாவோ அம்மாவோ அடுத்தவர் பிள்ளையோடு தனியே கழிப்பறைக்குப் போகக் கூடாது, அது ஆயா வேலை, கதவு திறந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள்தானே என்று இந்த விதியைத் தளர்த்த வேண்டாம். தவறு நடந்ததாகத் தெரிந்தும் மறைத்தால் போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். பெற்றோர் எத்தனை பேர் வந்தாலும் டீச்சர் எண்ணிக்கையைக் குறைக்கவும் கூடாது. தேசிய குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலில் 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியரும் ஒரு உதவியாளரும் இருக்க வேண்டும்.

"எனக்கு நேரமில்லை, பணம் கூடத் தருகிறேன்" என்று சிலர் கேட்பார்கள். நர்ஸ் வேலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், ரப்பர் வெட்டப் போகிறவர்கள் இவர்களுக்குக் காலை முறை நிஜமாகவே முடியாது. அவர்களுக்குச் சனிக்கிழமை துப்புரவு, கணக்கு எழுதுவது, சாமான் வாங்குவது என்று வேறு வேலை கொடுங்கள், பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு விட்டால் அடுத்த மாதம் ஆறு பேர் பணம் நீட்டுவார்கள், முழு வேலையும் மூன்று அம்மாக்கள் தலையில் விழும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது, அதில் ஒருவர் பள்ளியை விட்டே போய்விட்டார்.

டீச்சரிடம் பெற்றோர் சார்பில் ஒரே ஒருவர் மட்டும் பேசட்டும். 18 வீட்டிலிருந்து 36 பேர் ஆளுக்கொரு யோசனை சொன்னால் எந்த டீச்சரும் நிற்க மாட்டார். பீஸ் பணத்தை யாருடைய சொந்த ஜிபேயிலும் வாங்க வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சங்கத்தின் பெயரில் கணக்கு, இரண்டு கையெழுத்து.

அப்புறம், பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடும், பெற்றோரும் கூடவே போய்விடுவார்கள். எந்த ஆசாரி மச்சைச் சரிசெய்தார், எந்த ஓடு ஒழுகியது, மெயின் சுவிட்ச் எங்கே, பாட்டியிடம் எப்போது பேசலாம் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். நாங்கள் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம், சாவிக்கொத்து மாட்டும் ஆணியிலேயே அதுவும் தொங்கும். காலையில் திறப்பவர் தேதி போட்டு, கண்ணில் பட்டதை எழுதுவார். போன மே மாதம் ஒரு அம்மா "கிழக்கு மூலை, கழுக்கோல் அடியில் மரத்தூள்" என்று மட்டும் எழுதியிருந்தார். கழுக்கோல் என்றால் ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டை. மழைக்கு முன்பே ஆசாரி வந்து அந்தக் கட்டையை மாற்றிவிட்டுப் போனார்.