கற்கால நினைவுச்சின்னங்களில் வானம் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கல்வட்டத்தில் 20 கற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கல்லிலிருந்தும் மற்ற கற்களை நோக்கிக் கோடு இழுத்தால் 380 திசைகள் கிடைக்கும். அடிவானத்தைச் சுற்றி இருப்பதோ 360 பாகைகள்தாம். கதிரவனும் நிலவும் உதித்து மறையும் எல்லைப்புள்ளிகளோடு ஒளிமிக்க சில பத்து விண்மீன்களையும் பொருத்திப் பார்க்கத் தொடங்கினால், ஏதாவதொரு கோடு ஏதாவதொன்றைத் தொட்டே தீரும். ஆகவே, ஒரு கோடு பொருந்துகிறது என்பதையே சான்றாக எடுத்துக்கொள்வதுதான் முதற்பிழை. என் கணிப்பில் மிகப் பெரிய பிழையும் இதுவே.

ஒரே வகைச் சின்னங்கள் பலவும் ஒரே போக்கைக் காட்டும்போதுதான் அந்தச் சான்று வலுப்பெறுகிறது. ஐபீரியத் தீபகற்பத்தின் (ஸ்பெயின், போர்ச்சுகல்) தென்மேற்கில் ஏழு கற்களால் அமைந்த 177 கல்லறைகளை வானியல் வரலாற்றாய்வாளர் மைக்கேல் ஹாஸ்கின் அளந்தபோது, அவை அனைத்தும் கிழக்கு அடிவானத்தில் கதிரவன் உதிக்கும் பகுதியையே நோக்கியிருந்தன. இதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. தனியொரு சின்னமாயின், கட்டுமானமே நோக்கத்தைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்த நியூகிரேஞ்ச் கல்லறையில் நடைபாதையின் தரை உட்புறம் உயர்ந்து செல்வதால், வாயில் வழியாக நுழையும் ஒளி உள்ளறையை எட்டாது. அதனால்தான் வாயிலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பை வைத்திருக்கிறார்கள். 1967 டிசம்பர் 21 அன்று தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்து, அந்தத் திறப்பின் வழியே குளிர்கால வைகறை ஒளி அறைக்குள் படர்வதைக் கண்டார்.

அடுத்த பிழை, அளக்க இயலாத நுட்பத்தை அளவையில் எதிர்பார்ப்பது. 1901இல் வானியலாளர் நார்மன் லாக்யர், கோடைக்காலத்தில் கதிரவன் வடகோடியில் உதிக்கும் திசையைக் கொண்டு இங்கிலாந்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டத்தின் வயதைக் கணிக்க முயன்று, கி.மு. 1680 என்ற விடைக்கு வந்தார். அங்குள்ள பெருங்கற்கள் நிறுத்தப்பட்டதோ ஏறத்தாழ கி.மு. 2500இல் என்று இன்று அறிகிறோம். கதிரவன் உதிக்கும் திசை நூற்றாண்டுகளின் போக்கில் மாறுவதற்குக் காரணம் புவி அச்சின் சாய்வு குறைந்துவருவது. ஆனால் அக்குறைவு நூறாண்டுக்கு 0.013 பாகை மட்டுமே. கதிரவனின் வட்டமே அரைப் பாகை அகலமுடையது. காற்றின் ஒளிவிலகல் அதை அடிவானத்தில் மேலும் அரைப் பாகை அளவுக்கு உயர்த்திக் காட்டுகிறது. முதற்கீற்று தெரிவதை உதயம் என்பதா, முழுவட்டமும் மேலேறுவதை உதயம் என்பதா என்ற ஐயமும் இதோடு சேர்ந்தால், எண்ணூறு ஆண்டுப் பிசகு வியப்புக்குரியதன்று. திசைகாட்டியை மட்டும் நம்பி அளப்பவர்கள் இன்னும் தொலைவில் தவறுவார்கள். காந்த வடக்கு வேறு, மெய்வடக்கு வேறு.

விண்மீன்களில் நிலைமை முற்றிலும் வேறு. புவியின் அச்சு பம்பரத்தைப் போலத் தள்ளாடி, ஏறத்தாழ 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானில் வட்டமிட்டு வருவதால், ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்களுக்கு இன்றைய துருவமீன் துருவத்தில் இருக்கவில்லை. அக்காலத்தில் துருவத்துக்கு அருகில் இருந்தது துபான் என்னும் மங்கலான மீன். எனவே இன்றிரவு கற்களுக்கு மேலே தெரிகிற வானத்தையே அவர்களும் கண்டதாக எண்ணுவது பிழை. கணினிச் செயலியில் ஆண்டைப் பின்னோக்கி மாற்றுபவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு: வானியல் கணக்கில் சுழியாண்டு இருப்பதால் கி.மு. 2500 என்பது −2499 ஆகும். பெரும்பாலான செயலிகள் பழங்காலத்துக்கு ஜூலியன் நாட்காட்டியையே கையாளுவதால், அந்த ஆண்டின் கோடைத் திருப்பம் (கதிரவன் வடகோடியை எட்டித் திரும்பும் நாள்) ஜூன் 21இல் அன்றி ஜூலையில் விழும். மேலும், அடிவானத்தை ஒட்டிய தடித்த காற்று மங்கலான மீன்களை மறைத்துவிடும் என்பதால், திரையில் ஒரு மீன் உதிப்பதாகத் தெரிந்தாலும் வெறுங்கண்ணுக்கு அது சற்று உயரே ஏறிய பிறகே புலப்படும்.

பொருள்கொள்வதிலும் வழுக்கல்கள் உண்டு. ஸ்டோன்ஹெஞ்சைத் துரூயிதுகளின் (பழங்காலக் கெல்ட்டியப் பூசாரிகளின்) கோயில் என்பது பழம்பொருள் ஆர்வலர்களான ஜான் ஆப்ரே, வில்லியம் ஸ்டக்லி ஆகியோர் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பரப்பிய எண்ணம்; துரூயிதுகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் கற்கள் நிறுத்தப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியவை. ஸ்டோன்ஹெஞ்சின் நடுக்கோடான அச்சின் ஒருமுனை காட்டும் கோடை உதயத்துக்குத்தான் பெருங்கூட்டம் கூடுகிறது, ஆனால் அதே அச்சின் மறுமுனை குளிர்கால மறைவைக் காட்டுகிறது. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் என்னும் கற்காலக் குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகள் நடுக்குளிர்கால விருந்துகளை உணர்த்துவதால், கட்டியவர்களுக்கு முதன்மையானது அந்த முனையே என்று கருத இடமிருக்கிறது. இத்தகைய சின்னங்களை "வானாய்வகம்" என்று அழைப்பதையும் நான் ஏற்பதில்லை. இந்த அச்சை நிறுவியவர்களுக்குக் கதிரவன் எங்கே திரும்பும் என்பது முன்பே தெரிந்திருந்தது, தெரிந்ததைத்தான் அவர்கள் கல்லில் நிறுத்தினார்கள்.

நேரில் செல்பவர்கள் இரவில் கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் விட வேண்டும், கைப்பேசித் திரையைத் தவிர்க்க வேண்டும், முழுநிலவு நாளில் விண்மீன்களை நாடக் கூடாது. திருப்ப நாளை ஒட்டிப் பல நாட்களுக்குக் கதிரவன் உதிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி மாறுவதில்லை என்பதால், அந்த ஒரே நாளுக்காக நெரிசலில் நிற்பதும் தேவையற்றது. நியூகிரேஞ்சின் அறைக்குள்ளும் டிசம்பர் 19 முதல் 23 வரை, மேகம் விலகினால், ஒளி வந்துபோகிறது.