பசுமைக் கட்டடச் சலுகையைப் படியெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசுமைக் கட்டடம் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்குவது, ஒரு நகரத்தைப் பார்த்து மற்றொரு நகரம் விரைவாக எடுத்துக்கொள்ளும் சலுகைகளுள் ஒன்று. சிங்கப்பூர் 2005-இல் பசுமைத் தரச்சான்றைத் தொடங்கி, 2009-இல் உயர்தரச் சான்று பெறும் தனியார் கட்டடங்களுக்கு 2 விழுக்காடு வரை கூடுதல் பரப்பை அனுமதித்தது. நொய்டா, 5,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கிரிஹா என்ற இந்தியப் பசுமைக் கட்டடச் சான்றின் நான்கு, ஐந்து நட்சத்திரத் தகுதிக்கு 5 விழுக்காடு தந்தது. ஒவ்வொரு சதுர அடியும் விலைபோகும் இடங்கள் என்பதால் அங்கே இது எடுபட்டது. இராமநாதபுரம் கடற்கரையின் தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ ஒற்றைத் தளத்தில் வீடு கட்டுபவர், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகள் ஏற்கெனவே தரும் 2 என்ற தளப்பரப்புக் குறியீட்டில், அதாவது மனையின் பரப்பைப் போல் இரு மடங்கு வரை கட்டலாம் என்ற அளவில், பாதியைக்கூடப் பெரும்பாலும் தொடுவதில்லை. அவருக்கு மேலும் பரப்பு கொடுப்பது, பசியில்லாதவருக்கு இரண்டாம் பந்தி விரிப்பதுதான்.

சலுகையை மட்டும் பார்த்துவிட்டு அதற்குப் பின்னிருந்த கட்டாயத்தை மறப்பது அடுத்த தவறு. சிங்கப்பூரில் கூடுதல் பரப்பு வருவதற்கு முன்பே, 2008-இல், குறைந்தபட்சப் பசுமைத் தரம் சட்டமாகிவிட்டது. நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு ஊர் ஊராகப் பரவியதும் 2003-ஆம் ஆண்டின் கட்டாயத்தால்தான். ஆனால் விதியோடு ஒரே மாதிரியான குழியும் எல்லா ஊர்களுக்கும் போய்விட்டது. இராமேசுவரம் தீவின் மணலில் அந்தக் குழி பொருத்தமானது. அங்கே நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளிவைக்கும் என்பது நிலத்தடிநீரியலின் பழைய கணக்கு. உள்ளே தள்ளியிருக்கும் முதுகுளத்தூர்க் கரிசலிலோ அதே குழி நாள்கணக்கில் நீர் இறங்காமல் கொசு வளர்க்கும். அங்கே சலுகை போக வேண்டியது தொட்டிக்கும் ஊரணிக்கும்தான்.

இவற்றைவிடப் பெரிய தவறு, பசுமைச் சான்றுக்கான வேறு ஊரின் மதிப்பெண் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது. கீழக்கரை அருகே ஒரு வேலையிடத்தில், கம்பிக்கும் அடிப்பலகைக்கும் இடையே இடைவெளி விடும் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு, உப்புக் கரிக்கும் கிணற்று நீரிலேயே கலவை போட்டதைப் பார்த்திருக்கிறேன். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும், கடற்கரைச் சூழலில் எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்றும் இந்தியத் தரநிலை 456 சொல்கிறது. இதை விட்டுவிட்டு மாடியில் சோலார் தகடு வைத்தால் மதிப்பெண் கிடைக்கும். துருவேறிய கம்பி கான்கிரீட்டை உதிர்த்துக் கூரையை இடித்துக் கட்ட வைக்கும்போது, மிச்சப்பட்ட கரியமில வாயு மொத்தமும் புதிய சிமென்டிலேயே போய்விடும். ஆகவே இந்தக் கரையில் சலுகைக்கான ஆய்வு, கட்டி முடித்த பிறகு அல்ல, கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் சென்டரிங்கின் மேல் ஏறி நடக்க வேண்டும்.

‘உள்ளூர்ப் பொருளுக்குக் கூடுதல் மதிப்பெண்’ என்ற வரியிலும் கவனம் தேவை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுவருக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டப்பட்ட பவளக்கல்லும் உள்ளூர்ப் பொருள்தான். 2001 முதல் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எவை உள்ளூர்ப் பொருள்கள் என்பதையும், எவை தொடக்கூடாதவை என்பதையும் விதியிலேயே பெயர் சொல்லி எழுத வேண்டும்.