டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கம் நம்மவர் வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ கலிஃபோர்னியாவில் இருப்பது இப்போது சகஜம். பெற்றோர் முதன்முறை கிளம்பும்போது கேட்பது, “எத்தனை மணி நேரம்பா உட்காரணும்?” டிக்கெட்டிலோ சனிக்கிழமை காலை 4 மணிக்குப் புறப்பாடு, அதே சனிக்கிழமை காலை 7 மணிக்கு வருகை என்று இருக்கும். மூன்று மணி நேரத்தில் அமெரிக்காவா? படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: தூரம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, டெல்லி விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தைக் கிளிக் செய்தால் சுமார் 12,400 கிலோமீட்டர் என்று வரும். உருண்டையான பூமியின் மேல் இதுதான் மிகக் குறுகிய வழி. வீட்டில் குளோப் இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் சைபீரியா, ஆர்க்டிக், அலாஸ்கா வழியாகப் போகும்.

படி 2: வேகத்தால் வகுத்தல்

பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. 12,400-ஐ 900-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13¾ மணி. ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர்ந்துபோக அரை மணி சேர்த்தால் 14¼.

படி 3: நிஜ வழி

என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான். நூல் காட்டும் வழியில் விமானம் போவதில்லை. டெல்லிக்கு வடக்கே இமயமலையும் திபெத் பீடபூமியும் நிற்கின்றன. கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். அதனால் சுற்றித்தான் போக வேண்டும்.

வான்வெளித் தடைகளும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்னும் பலத்த காற்றோட்டம் பாய்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியை விட்டுக் கிழக்கே பசிபிக் வழியாக அனுப்பியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடி 15,300 கி.மீ. ஆனது, ஆனால் பின்காற்று தள்ளியதால் 14½ மணியில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! ஆகவே கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். நம் 14¼ மணியோடு ஒன்றிரண்டு மணி கூட்டியே மனதில் வையுங்கள்.

படி 4: கடிகாரம்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடக் கோடையில் 12½ மணியும், குளிர்காலத்தில் 13½ மணியும் பின்தங்கியிருக்கும். மேலே சொன்ன டிக்கெட் கோடைகாலத்தது என்றால், காலை 7 மணியோடு 12½ மணியைக் கூட்டுங்கள்: இந்திய நேரம் இரவு 7.30. காலை 4-லிருந்து இரவு 7.30 வரை எண்ணினால் 15½ மணி. அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய விடை அதுதான்.

நடுவில் விமானம் மாறினால், காத்திருப்பு நேரமும் இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். அங்கே வெள்ளி காலை ஏறுபவர் டெல்லியில் சனிக்கிழமைதான் இறங்குவார். வருகை நேரத்தின் பக்கத்தில் சின்னதாக “+1” என்று இருக்கும். மறுநாள் என்று பொருள். டெர்மினல் 3-க்கு அழைக்கப் போகிறவரிடம் நேரத்தோடு தேதியையும் சொல்லிவிடுங்கள்.