கை வைக்கும் முன் எண்ணிப் பாருங்கள்: வேதியியல் புதிர் விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைக்குச் சேலம் மாமாங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா மகன், அணுக்களைக் கட்டங்களில் நகர்த்தி மூலக்கூறு செய்யும் சோகோபாண்ட் விளையாட்டில் ஒரே புதிரில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தான். “மாமா, எல்லா அணுவும் இருக்கு, ஆனா ஒட்டவே மாட்டேங்குது” என்றான். திரையைப் பார்த்தேன். இரண்டு ஹைட்ரஜன்கள் முதலிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இன்னொரு அணுவைப் பிடிக்க ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு கை. அதை இன்னொரு ஹைட்ரஜனிடம் கொடுத்துவிட்டால் ஆக்சிஜனைப் பிடிக்க எது மிச்சம்?

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், இணைதிறனை, அதாவது ஓர் அணுவுக்கு எத்தனை கை என்பதை, எண்ணாமல் நகர்த்தத் தொடங்குவது. ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 2, நைட்ரஜனுக்கு 3, கார்பனுக்கு 4. இந்த விளையாட்டில் கை காலியாக உள்ள அணுக்கள் பக்கத்தில் வந்தாலே தாமாகச் சேர்ந்துவிடும். அதனால் எது எதோடு சேர வேண்டும் என்பதற்கு முன்பே, எது எதைத் தொடக் கூடாது என்று பார்த்துவிட வேண்டும்.

அன்று தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். ஏற்காட்டு மிளகு ஹைட்ரஜன், காப்பிக்கொட்டை ஆக்சிஜன், புளியங்கொட்டை கார்பன். முடிந்த மூலக்கூறை முதலில் அடுக்கிவிட்டு, கடைசியில் எது வந்து ஒட்டியிருக்கும் என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பின்னோக்கிப் போனோம். நான்காவது மிளகை எடுக்கும்போதே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. திரையில் இருபது தடவை திரும்பத் தொடங்குவதைவிட இது வேகமான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

2011-இல் வந்த ஸ்பேஸ்கெம் வேறு மாதிரி. அணுக்களைச் சேர்க்கும் உலைக்குள் சிவப்பு, நீலம் என இரண்டு இயந்திரக் கைகள் அவற்றின் பாதையில் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றுக்குக் கட்டளை எழுதுவதுதான் உங்கள் வேலை. பாதையைக் கச்சிதமாகப் போட்டுவிட்டு நேரத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு கை முந்திக்கொண்டால் அணுக்கள் மோதும், உலை நின்றுவிடும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் கட்டளையைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

2017-இல் வந்த ஓபஸ் மேக்னத்தில் இயந்திரம் கட்டிப் பொருள் செய்ய வேண்டும். அது, முடித்த ஒவ்வொரு புதிருக்கும் செலவு, சுற்று, பரப்பு என மூன்று கணக்கு காட்டும். மூன்றையும் முதல் முயற்சியிலேயே குறைக்கப் பார்ப்பது பெரிய வீண். அசிங்கமாக இருந்தாலும் ஓடுகிற இயந்திரம் ஒன்றை முதலில் கட்டுங்கள். அப்புறம் ஒரு கணக்கை மட்டும் எடுத்துக் குறையுங்கள். இன்னொன்று, அது ரசவாத விளையாட்டு. அதில் பாதரசம் சேர்த்தால் செம்பு வெள்ளியாகிவிடும். நம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளியோடு செம்பைக் கலக்கலாமே தவிர, செம்பு வெள்ளியாக மாறாது. சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே கொடுங்கள்.

விடையை வீடியோவில் பார்ப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

விளையாட்டையே பாடப்புத்தகமாக எடுத்துக்கொள்வதும் தவறு. திரையில் தொட்டதும் பிணைப்பு வந்துவிடுகிறது. நிஜத்தில் ஹைட்ரஜன் வாயுவையும் ஆக்சிஜன் வாயுவையும் அறை வெப்பத்தில் ஒரே குடுவையில் வைத்தால் சும்மா கிடக்கும். ஒரு தீப்பொறி பட்டால்தான் வெடித்து நீராகும். பழைய பிணைப்பை உடைக்க ஆற்றல் வேண்டும் என்ற விஷயமே இந்த விளையாட்டுகளில் இல்லை. அதற்காக விளையாட்டை நேர விரயம் என்று பிடுங்கிவிடவும் கூடாது. புரதங்களை மடிக்கும் ஃபோல்டிட்டை விளையாடியவர்கள், குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி எப்படி மடிந்திருக்கிறது என்பதை 2011-இல் கண்டுபிடிக்க உதவினார்கள். விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் பிடிபடாமல் இருந்த வடிவம் அது.

ஊருக்குக் கிளம்பும் முன் அவன் கேட்டான், “மாமா, நம்ம வெள்ளைக்கல்லை இதுல செய்ய முடியுமா?” ஜன்னல் வழியே தெரியும் சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட்டைத்தான் சொன்னான். மெக்னீசியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று என்று மறுபடியும் கொட்டைகளை எடுத்தோம். மெக்னீசியத்துக்கு ஒரு கடுகு. கார்பனையும் மூன்று ஆக்சிஜனையும் தீக்குச்சி வைத்து இணைத்தாயிற்று. கடுகுக்கும் மற்றதற்கும் நடுவே அவன் குச்சி வைக்கப் போனான், நான் தடுத்தேன். அங்கே இருப்பது எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு, கை கோத்த பிணைப்பு இல்லை. சூளையில் சுட்டால் 84 கிலோ மேக்னசைட்டில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும், 40 கிலோ மெக்னீசியம் ஆக்சைடு தங்கும் என்றேன். ஒரு புளியங்கொட்டையையும் இரண்டு காப்பிக்கொட்டைகளையும் அவனே தள்ளி வைத்துவிட்டு, மிஞ்சிய கடுகையும் காப்பிக்கொட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.